44ஜிஎஸ்: மழுங்கிய விளிம்பு போலியின் அடையாளமா?

ஏலத்தில் நீங்கள் பார்த்துவைத்திருக்கும் 1967ஆம் ஆண்டின் 44ஜிஎஸ் கிராண்ட் சீகோ என்ற ஜப்பானியக் கைக்கடிகாரத்தை, விளிம்புகள் மழுங்கியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிற்பாடு யாரும் மெருகேற்றாத கடிகாரத்துக்குரிய விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பெரும்பாலும், கீறல்களைப் போக்குவதற்காக யாரோ பஃப் எனும் மெருகேற்றும் சக்கரத்தில் கேஸை, அதாவது கடிகாரத்தின் உலோக உடலை, தேய்த்திருப்பார்கள். சீகோவின் வடிவமைப்பாளர் டாரோ தனாகா வகுத்த வடிவமைப்பில் இந்தக் கடிகாரத்தின் அழகே, கண்ணாடிபோன்ற சமதளங்கள் கூர்மையான விளிம்பில் சந்திப்பதில்தான் இருக்கிறது. கிராண்ட் சீகோவின் இன்னொரு கடிகாரமான ஸ்னோஃப்ளேக்கின், பனிபோன்ற டயல் பரப்பில் மயங்கிச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் பிற்பாடு கேஸின் வடிவத்துக்கு வந்து சேர்கிறார்கள். உங்கள் கண்ணும் அங்கேதான் வந்திருக்கிறது என நினைக்கிறேன்.

டியூப்லைட்டின் கீழே கடிகாரத்தை மெல்லச் சாய்த்து, ஸ்டிராப் பூட்டும் நான்கு முனைகளையும் காட்டும் காணொளி ஒன்றை விற்பவரிடம் கேளுங்கள். ஒளிக்கோடு விளிம்புவரை நேராக ஓடினால் நல்லது. ஓரத்தில் வளைந்து வழிந்தால் தேய்க்கப்பட்டது என்று கொள்ளலாம்.

கைபேசியை மிக அருகில் வைத்து எடுத்தால் நேர்க்கோடும் வளைந்து தெரியும் என்பதால், சற்றுத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். மறுபடி மெருகேற்றிச் சரிசெய்துகொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். போன உலோகம் தேய்ப்பதால் திரும்பி வராது.