இந்திய அலுவலகங்களில் உயர் பதவியில் இருக்கும் பெண்களை ஆண்கள் உண்மையில் எப்படிப் பார்க்கிறார்கள்?

பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவற்றில் பதினோரு ஆண்டுகள் பெண் அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன் என்பதால், எனக்குத் தெரிந்த வங்கியை வைத்தே பதில் சொல்கிறேன்.

"எனக்குப் பெண் மேலதிகாரி வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்ன ஓர் ஆணைக்கூட நான் சந்தித்ததில்லை. எல்லோரும் சொன்னது வேறொன்று: "எனக்கு ஒன்றுமில்லை சார், மற்றவர்கள்தான் ஏற்க மாட்டார்கள்." பொது மேலாளர் ஊழியர்களைக் காட்டுவார், ஊழியர்கள் வாடிக்கையாளர்களைக் காட்டுவார்கள், வாடிக்கையாளரைக் கேட்டால் அவர் ஊர் வழக்கத்தைக் காட்டுவார்.

இது வங்கிக்கு மட்டும் உரிய நோய் அன்று. இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் 1951-ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தவருமான அன்னா ராஜம் சென்னை மாநிலப் பணிக்கு வந்தபோது, முதலமைச்சராக இருந்த ராஜாஜியே அவரை மாவட்டப் பொறுப்புக்கு அனுப்பத் தயங்கினார். அன்னா ராஜம் வாதாடித்தான் ஓசூர் சார் ஆட்சியர் ஆனார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தும் வாதம் மாறவில்லை. ராணுவப் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி, தலைமைப் பொறுப்பு பற்றிய வழக்கில், படைவீரர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வருவதால் பெண்ணின் கட்டளையை ஏற்கும் மனநிலை அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்று ஒன்றிய அரசு சொன்னது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

நான் துணை மேலாளராக இருந்த கிளைக்கு 2009-இல் ஓர் அம்மையார் முதன்மை மேலாளராக வந்தார். விசைத்தறி ஊர் அது. சரக்கை ஈடாகக் காட்டிக் காசுக் கடன் (கேஷ் கிரெடிட்) வாங்கியிருந்த தறி முதலாளி ஒருவர் அவருடைய அறைக்கு வந்திருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். "மூன்று மாதமாக ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வரவில்லையே?" என்று சரக்கிருப்புக் கணக்கை அம்மையார் கேட்க, முதலாளி என் பக்கம் திரும்பி, "குடுத்தர்லாமுங்க சார்" என்றார். அடுத்த கேள்விக்கும் பதில் எனக்கே வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மூன்றாவது முறை அம்மையார் என்னைப் பார்த்து, "லாக்கர் ரிஜிஸ்டரைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். அன்று காலையிலேயே நான் சரிபார்த்து, அவரே கையெழுத்திட்ட ரிஜிஸ்டர் அது. இருபது நிமிடம் கழித்து நான் திரும்பியபோது முதலாளி பையைத் திறந்து நூல் பில்களை மேசைமீது பரப்பி, வரிக்கு வரி "மேடம்" போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தடையாக இருந்தது அவரா, பக்கத்தில் நின்ற நானா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

பதவி உயர்வு நேர்காணல் தனிக் கதை. என்னிடம் வாராக்கடன் வசூலைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு அடுத்து உள்ளே போன பெண்ணிடம் கணவருக்கு எந்த ஊரில் வேலை என்று கேட்டார்கள். எங்கள் துறையில் பதவி உயர்வு என்றால் பெரும்பாலும் வெளியூர் மாற்றல், சில சமயம் வெளிமாநிலம். ஆகவே திறமையான பெண்கள் பலர் உயர்வே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கவுண்ட்டரிலேயே இருந்தார்கள். திருமணமான பெண்களைக் கணவர் இருக்கும் ஊருக்கு அருகில் நியமிக்குமாறு 2014-இல் மத்திய நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது நல்ல காரியந்தான். ஆனால் மண்டல அலுவலகத்தில் அதுவே "அந்தம்மா எப்படியும் மாற்றல் கேட்பார், பெரிய கிளை எதற்கு?" என்ற பேச்சுக்குத் துணையாகவும் போயிற்று. 2013-இல் அருந்ததி பட்டாச்சார்யா பாரத ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரானபோது எங்கள் அலுவலகத்தில் இனிப்பு வழங்கியவர்களும் இதே மனிதர்கள்தாம்.

நானும் விலக்கல்லன். மண்டல அலுவலகத்தில் இருந்தபோது அதே விசைத்தறிப் பகுதியில் இன்னொரு கிளைக்கு மேலாளர் தேவைப்பட்டார். பணிமூப்பில் முதலில் இருந்தவர் ஒரு பெண். என் கருத்தைக் கேட்டார்கள். "நல்ல அதிகாரிதான், ஆனால் அங்குள்ள வியாபாரிகள் ஏற்க மாட்டார்கள்" என்றேன். அந்த ஊர் வியாபாரி ஒருவரிடம்கூட நான் இதைப் பற்றிக் கேட்டதில்லை. அடுத்த இடத்தில் இருந்த ஆண் அதிகாரியை அனுப்பினோம். மகனுக்குப் பிளஸ் டூ தேர்வு என்று காரணம் காட்டி அவர் ஏழாவது மாதமே மாற்றல் கேட்டார். அதன் பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உத்தரவு போயிற்று. அவர் மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். அவரை ஏற்க முடியாதென்று எந்த வியாபாரியும் எங்களுக்கு எழுதவில்லை.