கேட்டதும் சொன்னதும்: ‘ஃபைன்’ என்ற ஒரு சொல்

கேள்வி: கல்லூரி நூலகத்தில் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் கட்டும் பணமும் ‘ஃபைன்’, நலம் கேட்பவருக்கு நாங்கள் சொல்லும் பதிலும் ‘ஃபைன்’. இரண்டும் ஒரே சொல்லா, ஒலி மட்டும் ஒத்துப்போன வெவ்வேறு சொற்களா?
– கல்லூரி மாணவி, குழித்துறை

பதில்: அகராதிகள் இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகக் காட்டினாலும், வேர் ஒன்றுதான். முடிவு, எல்லை என்னும் பொருளுடைய ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கே இரண்டு திசைகளில் வளர்ந்தது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தைக் கைமாற்ற விரும்பிய இருவர், பெயருக்கு ஒரு வழக்கைத் தொடுத்து, அதைச் சமரசமாக முடித்துக்கொண்டதாக நீதிமன்றத்தில் எழுதிவைப்பது உண்டு. வழக்குக்கு முடிவு கட்டிய அந்த உடன்படிக்கைக்கே ‘ஃபைன்’ என்று பெயர். ஒரே தோலில் மூன்று படிகள் எழுதி, போலி ஆவணம் புகுந்துவிடாதபடி வளைந்து நெளிந்த கோட்டில் வெட்டி, இரண்டு படிகளைத் தரப்பினர் இருவருக்கும் கொடுத்துவிட்டு, அடியில் உள்ள மூன்றாம் படியை அரசு வைத்துக்கொண்டது. 1195இல் தொடங்கிய இந்த மூன்றாம் படி வழக்கம், 1833ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அம்முறையையே ஒழிக்கும் வரை நீடித்தது. விவகாரத்தை முடித்துக்கொள்ளக் கொடுக்கும் பணத்துக்கும் அப்பெயர் ஏற்பட்டு, பின்னர் குற்றத்துக்காகக் கட்டும் பணத்தைக் குறிப்பதாக நிலைத்தது. ‘ஃபைனான்ஸ்’ என்ற சொல்லும் கடனைத் தீர்த்து முடித்தல் என்ற பொருளில் பிறந்த உறவினர்தான்.

நம் பக்கத்துச் சொற்கள் வேறு வழியில் சென்றிருப்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வடமொழியில் ‘அபராதம்’ என்றால் குற்றம்; தமிழில் அது குற்றத்துக்கான பணமாகிவிட்டது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குச் செல்லும் நம் குமரி மாவட்டத்தார் மலையாள அறிவிப்புகளில் காணும் ‘பிழ’ என்பதும் அப்படியே. நம்முடைய ‘பிழை’க்கு உடன்பிறந்த அந்தச் சொல் அங்கே தவற்றையும் குறிக்கிறது, தவற்றுக்குக் கட்டும் பணத்தையும் குறிக்கிறது. ஆங்கிலச் சொல் விவகாரம் முடிந்ததைப் பார்க்கிறது. இவ்விரண்டும் செய்த குற்றத்தையே பெயராக வைத்திருக்கின்றன.

இனி நலம் சொல்லும் ‘ஃபைன்’. முடிவு என்பதிலிருந்து முற்றுப்பெற்றது, அதிலிருந்து உயர்ந்தது, மாசற்றது என்று பொருள் ஏறிச் சென்றது. நாகர்கோவில் நகைக்கடைகளில் நாம் கேட்டு வாங்கும் ‘916’ இந்தப் பொருளில் வருவதே. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்னும் அந்தத் தூய்மை அளவுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபைன்னெஸ்’ என்று பெயர்; 24இல் 22 பங்கு என்னும் காரட் கணக்கும் அதுவே. தேர்ந்த வேலைப்பாடு நுட்பமாக இருக்கும் என்ற எண்ணத்தால் மெல்லியது, நுண்ணியது என்ற பொருளும் சேர்ந்தது. மாவை ‘நைசாக’ அரைக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் ‘ஃபைன்’ என்பார்கள். அவர்களிடம் ‘நைஸ் பவுடர்’ என்றால் நல்ல பொடி என்று மட்டுமே புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழு பயிலும் ஆங்கிலப் பாட்டின் இசைத்தாளில், நடுவே ஓரிடத்தில் ‘ஃபைன்’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்த இடத்தை மென்மையாகப் பாட வேண்டுமா?
– பாடகர் குழு உறுப்பினர், நாகர்கோவில்

பதில்: எழுத்து அதுவே என்றாலும் அது இத்தாலியச் சொல், ‘ஃபீனே’ என்று படிக்க வேண்டும். முடிவு என்பதே பொருள். தாளின் இறுதியில் ‘டா காப்போ அல் ஃபீனே’ என்று இருக்கும். தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், ‘ஃபீனே’ என்று எழுதிய இடம் வரை பாடி நிறுத்துங்கள் என்பது அதன் கட்டளை.

கேள்வி: நான் செவிலியர், வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘ஃபைன்’ என்பதற்கு ‘குட்’, ‘நைஸ்’, ‘தின்’, ‘பெனால்ட்டி’ என்று நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்தும், எதை எங்கே மாற்றிப் போடுவது என்று தெரியவில்லை.
– வாசகி, தக்கலை

பதில்: பட்டியலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். ‘ஃபைன் ஹேர்’ என்றால் ஒவ்வொரு முடியும் மெல்லியது. ‘தின் ஹேர்’ என்றால் பெரும்பாலும் முடியின் அடர்த்தி குறைவு. ‘பெனால்ட்டி’ எந்தத் தண்டனையாகவும் இருக்கலாம். ‘ஃபைன்’ பணம் மட்டுமே. மழையில்லாத நாளை ‘ஃபைன்’ என்பது இங்கிலாந்தின் வழக்கம். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு மழையை எதிர்பார்க்கும் நம் விவசாயி அப்படிச் சொல்லமாட்டார்.

உங்கள் பணிக்கு இன்றியமையாத வேறுபாடு சொல் நிற்கும் இடத்தில் இருக்கிறது. ‘எ ஃபைன் டாக்டர்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் அது உயர்ந்த பாராட்டு, அதாவது அவர் மிகச் சிறந்த மருத்துவர். ‘தி டாக்டர் இஸ் ஃபைன்’ என்று பின்னால் வந்தால் அவர் நலமாக இருக்கிறார் என்பது மட்டுமே. சாப்பாட்டை ‘இட் வாஸ் ஃபைன்’ என்றால் குறையில்லை என்ற அளவுதான். அதைப் பெரும் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேநீரோ வலி மாத்திரையோ வேண்டுமா என்று கேட்கும்போது நோயாளி ‘ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்’ என்றால், வேண்டாம் என்று மறுக்கிறார். வலியே இல்லை என்று அதற்குப் பொருள் கொண்டுவிடாமல், வலியைப் பற்றித் தனியாக ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். நலம் கேட்பவருக்கு நம்மவர் பலர் சொல்லும் ‘ஐ ஆம் வெரி ஃபைன்’ ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. ‘வெரி வெல்’ என்பதே வழக்கு. ‘வெரி ஃபைன்’ என்பது பொடிக்கும் நூலுக்கும் பொருந்தும், ஊசிக்கும் பொருந்தும். நீங்கள் மருத்துவமனையில் அன்றாடம் கேட்கும், மெல்லிய ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் ‘எஃப்.என்.ஏ.சி.’ பரிசோதனையின் முதல் எழுத்து அந்த மெல்லிய ஊசியின் ‘ஃபைன்’தான்.