ஆங்கிலத்தில் 'லே' என்பது நிகழ்காலமா, இறந்தகாலமா?

'லை' (lie), 'லே' (lay), 'லெய்டு' (laid) ஆகிய மூன்றும் எங்கெங்கே வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். வினைவடிவப் பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்தும், வாக்கியம் எழுதும்போது கை தயங்குகிற நிலையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த நிலையில் இருந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். 'கிழவி கட்டிலில் கிடந்தாள்' என்ற இடத்தில் 'லே' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'லெய்டு' என்று எழுதி, ஓரத்தில் 'இறந்தகாலம் வேண்டும்' என்றும் குறித்திருந்தார். அவர் என்னைவிட மூத்தவர். நான் எழுதியதே சரி என்று உள்ளுக்குள் பட்டாலும், ஏன் சரி என்று சொல்லத் தெரியாததால் பேசாமல் இருந்துவிட்டேன். தவறு அப்படியே அச்சேறியது. இன்றும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கண் அந்தச் சொல்லில்தான் போய் நிற்கிறது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'கிட' தன்வினை, 'கிடத்து' பிறவினை. 'கிட' என்பதற்கு ஆங்கிலத்தில் 'லை', அதன் இறந்தகாலம் 'லே'. ஆகவே கிழவி கிடந்தாள் என்றால் 'லே'. கிழவியைக் கட்டிலில் கிடத்தினார்கள் என்றால் 'லெய்டு'. கிடத்துவதற்குரிய நிகழ்கால வினையும் 'லே' என்றே எழுதப்படுவதுதான் குழப்பம் அனைத்துக்கும் மூலம். 'ஹீ', 'ஷி' என்பவற்றை அடுத்து, எஸ் சேராமல் 'லே' மட்டும் தனியே நின்றால் அது 'கிட' என்பதன் இறந்தகாலம். எஸ் சேர்ந்து 'லேஸ்' என்று வந்தால் 'கிடத்து' என்பதன் நிகழ்காலம்.

இந்த ஒப்புமை நான் வலிந்து கட்டியதன்று. பழைய ஆங்கிலத்திலேயே இந்த இரண்டு வினைகளும் தன்வினை, பிறவினை என்ற உறவில்தான் இருந்தன. 'சிட்', 'செட்' இரண்டும் நம் 'அமர்', 'அமர்த்து' போன்றவை. 'ஃபால்', 'ஃபெல்' இரண்டும் 'வீழ்', 'வீழ்த்து' போன்றவை. அங்கும் இதே பொறிதான்: மரம் விழுந்தது என்றால் 'ஃபெல்', மரத்தை வெட்டி வீழ்த்தினார்கள் என்றால் 'ஃபெல்டு'.

ஆகவே எழுதும்போது 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். முட்டையை இட்டது, அடிக்கல்லை நாட்டினார், புத்தகத்தை மேசைமேல் வைத்தாள் என்று இரண்டாம் வேற்றுமை வருமானால் 'லெய்டு'. புத்தகம் மூன்று நாள் மேசைமேல் கிடந்தது, ஊர் ஆற்றுக்கு அப்பால் இருந்தது என்றால் 'லே'. 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின் 'கிட' என்பது 'லெய்ன்' ஆகிவிடும். 'கிடத்து' மட்டும் 'லெய்டு' என்றே நிற்கும். பொய் சொல்வதைக் குறிக்கும் 'லை' வேறு வேரிலிருந்து வந்தது. அதன் இறந்தகாலம் 'லைடு'.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் 'லை' வர வேண்டிய இடத்தில் 'லே' என்கிறார்களே என்று சிலர் மறுக்கக்கூடும். உண்மைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது எழுத்தைப் பற்றி என்று கொள்கிறேன். கவனமாக எழுதப்படும் ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இன்னும் பேணப்படுகிறது. என் வருத்தமெல்லாம், மூன்று வடிவங்களை வரிசையாக ஒப்பிக்க வைத்த ஆசிரியர்களில் ஒருவர்கூட, பக்கத்தில் 'கிட', 'கிடத்து' என்று இரண்டு சொற்களை எழுதிக் காட்டவில்லையே என்பதுதான்.