“டாக்டர் முன்னால் நன்றாகத்தான் பேசுகிறார்... வீட்டில்தான் வேறு ஆள்!”

கேள்வி: என் கணவருக்கு வயது 41. ஏழு மாதங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. ‘முன்பக்க மூளையில் ரத்தக்கசிவு, ஆபரேஷன் தேவையில்லை’ என்றார்கள். ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் இருந்தார். இப்போது கை கால் நன்றாக இருக்கிறது, கடைசி சி.டி. ஸ்கேனும் நார்மல். ஆனால், ஆளே மாறிவிட்டார். சின்ன விஷயத்துக்கும் தட்டை வீசுகிறார். விருந்தாளிகள் முன்னால் கூச்சமில்லாமல் பேசுகிறார். சொன்னால்தான் குளிக்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுக்கிறார். டாக்டரிடம் போனால் மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரா? வலிப்பு வந்ததில்லை, வராமலிருக்க லெவெட்டிராசெட்டம் 500 காலை, இரவு சாப்பிடுகிறார். குழம்பு அடிப்பிடித்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவு அலட்சியம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: வேண்டுமென்றே செய்வதாக நீங்கள் எழுதியதில் எதுவும் காட்டவில்லை. அலட்சியம் என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர்களே, அந்த அடிப்பிடித்த குழம்புதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான தடயம். அவருக்கு வாசனை தெரியாமல் போயிருக்கலாம். மூக்கிலிருந்து வாசனை நரம்புகள் மெல்லிய இழைகளாக, சல்லடை போன்ற ஓர் எலும்பின் வழியே மேலே ஏறுகின்றன. தலை தரையில் மோதும்போது இந்த இழைகள் அறுந்துவிடக்கூடும். அவற்றுக்கு நேர் மேலே, கண்குழிகளின் கூரைமீது உட்கார்ந்திருப்பது, மூளையின் முன்பகுதியான முன்மடலின் அடிப்பகுதி. வாசனை போயிருந்தால், அந்த இடமும் அடி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணை மூடச் சொல்லி காபித்தூளையும் சோப்பையும் முகரக் கொடுத்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

மூளை கெட்டித் தயிர்போல மென்மையானது. மண்டையோட்டின் உட்புறம் பெரும்பாலும் வழவழப்பாக இருந்தாலும், கண்களுக்கு மேலும், நெற்றியின் ஓரத்தில் உள்ள பொட்டுக்குப் பின்னாலும் எலும்பு கரடுமுரடாக இருக்கும். அதனால் பின்மண்டையில் அடிபட்டாலும் மூளை குலுங்கி, முன்மடலின் அடியும், பொட்டுப் பக்கத்து மூளையான பொட்டுமடலின் நுனியும் சிராய்த்துக்கொள்ளும்.

பொட்டுமடலுக்குள் பாதாம் பருப்பு அளவில் பக்கத்துக்கு ஒன்றாக அமிக்டலா இருக்கிறது. ‘ஆபத்து’ என்று முதலில் மணியடிப்பது அது. ‘கிண்ணம் விழுந்த சத்தம்தான், சும்மா இரு’ என்று அதை அடக்குவது முன்மடலின் அடிப்பகுதி. பலர் முன்னால் எதைப் பேசலாம், பணத்தைக் கொடுத்தால் திரும்புமா என்று எடைபோடுவதிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே அடிபட்டால் மணி மட்டும் அடிக்கும், அடக்க ஆளிருக்காது. தட்டு பறப்பதும் கூச்சம் போனதும் கடன் கொடுப்பதும் ஒரே பழுதின் மூன்று முகங்கள்.

சொன்னால்தான் குளிப்பது வேறு கதை. இரண்டு முன்மடல்களும் எதிரெதிராக நிற்கும் உட்புறப் பகுதிதான் ஒரு வேலையைத் தானாகத் தொடங்கவைக்கிறது. அது சோர்ந்தால் ஆள் சும்மாவே உட்கார்ந்திருப்பார். மனச்சோர்வு உள்ளவர் பெரும்பாலும் ‘என்னால் முடியவில்லையே’ என்று வருந்துவார். இவருக்கு அந்த வருத்தமே இருக்காது. இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் மனநல மருத்துவர் பார்த்துப் பிரித்தறிய வேண்டும்.

டாக்டர் முன்னால் மட்டும் எப்படி ஒழுங்காக இருக்கிறார்? அந்த அறையில் சத்தமில்லை, ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான், அடுத்து என்ன செய்வதென்று டாக்டரே சொல்லிவிடுகிறார். முன்மடல் செய்யவேண்டிய வேலையை அறையே செய்துவிடுகிறது. ‘கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டால் சரியான பதில் சொல்வார். விதி தெரியும், அந்த நொடியில் அது கைக்கு வராது. அதனால்தான் அறிவுரையும் திட்டும் இவரிடம் பலிப்பதில்லை. அடுத்த முறை நீங்களும் உள்ளே போய்ப் பேசுங்கள். இரண்டு வாரக் குறிப்பைக் கொண்டுபோங்கள்: கோபம் வந்த நேரம், அதற்குமுன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார்.

இனி, சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். முதல் சந்தேகம் மாத்திரைமீது. லெவெட்டிராசெட்டம் நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு எரிச்சலையும் ஆத்திரத்தையும் கிளப்பிவிடும். தலைக்காயத்துக்குப் பின் வலிப்பே வராதவர்களுக்கு, முன்னெச்சரிக்கையாக இதைப் பொதுவாக முதல் ஏழு நாள்தான் கொடுப்போம். இன்னும் ஏன் தொடர்கிறது, நிறுத்தலாமா, மாற்றலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் வலிப்பு வரக்கூடும்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. மூளையின் அடியில் இருந்து மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியையும் அடி பாதிக்கலாம், அப்போதும் சோர்வும் எரிச்சலும் வரும். காலை எட்டு மணி வாக்கில் கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள், அத்துடன் சோடியம், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டி.எஸ்.எச். மட்டும் போதாது, பிட்யூட்டரியே பழுதானால் அது நார்மலாகக்கூட வரும். சி.டி. நார்மல் என்பதை வைத்து மூளை முழுதும் சரியாகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. நரம்பிழைகள் அறுந்த இடங்கள் பலசமயம் எம்.ஆர்.ஐ.யில், அதுவும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற பகுதியைச் சேர்த்து எடுத்தால்தான் தெரியும். காரணமே இல்லாமல் சில நிமிட ஆத்திரம் வந்து, நடுவில் வெறித்துப் பார்த்து, பிறகு எதுவும் நினைவில்லை என்கிறார் என்றால், வலிப்பா என்று அறிய மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் தேவை.

1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஃபினியஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரியின் முன்மடலைச் சுமார் ஆறு கிலோ இரும்புக்கம்பி துளைத்துச் சென்றது. பிழைத்தார்; குணம் மாறிவிட்டது என்று அவர் கதையை எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு அவர் சிலி நாட்டில் சில ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டினார். தினமும் ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வரிசையில் வேலை. அந்த ஒழுங்கு அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அதையே செய்து பார்க்கலாம். எழுவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் செல்போன் அலாரத்தின்படி, தினமும் ஒரே வரிசையில். ‘போய்க் குளித்துவிட்டு வந்து மாத்திரை போடுங்கள்’ என்று சேர்த்துச் சொல்லாதீர்கள். குளித்து முடித்தபின் மாத்திரையைப் பற்றிப் பேசலாம். முக்கால் மணி நேர வேலைக்குப் பின் ஓய்வு கொடுங்கள், களைப்பு ஏறினால் கோபமும் ஏறும். டி.வி. ஓடும்போது பணவிஷயம் பேச வேண்டாம். குரல் உயரத் தொடங்கினால் வாதாடாமல் பிள்ளைகளுடன் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். 20 நிமிடம் கழித்து வேறு பேச்சோடு திரும்புங்கள். ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம். யு.பி.ஐ.யிலும் ஏ.டி.எம். கார்டிலும் தினசரி வரம்பைக் குறைத்து வையுங்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை பைக் சாவி உங்களிடம் இருக்கட்டும். மது ஒரு சொட்டுகூடக் கூடாது. வாசனை தெரியாதவரை அடுப்படியில் தனியாக விடாதீர்கள். கேஸ் கசிவு அலாரம் வாங்கி மாட்டுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காத கோபத்துக்கு ப்ராப்ரனலால் போன்ற மருந்துகள் உண்டு. ஆஸ்துமா, குறைந்த நாடித்துடிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. மனச்சோர்வும் இருந்தால் செர்ட்ராலின் யோசிப்பார்கள். ‘ஆளைத் தூங்கவையுங்கள் டாக்டர்’ என்று மட்டும் கேட்காதீர்கள். தூக்கமாத்திரை வகைகள் மூளை தேறுவதைத் தாமதப்படுத்தலாம், சிலருக்குக் கட்டுப்பாட்டை இன்னும் தளர்த்திவிடும்.

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், இரண்டு ஆண்டு வரையும் அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும். நடை, பேச்சைவிடக் குணம் தேறத்தான் அதிக நாளாகும். பழையபடி முழுதாக ஆகிவிடுவார் என்று என்னால் உறுதி தர முடியாது.

தலைவலி அதிகமாகி வாந்தி, புதிதாகத் தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம், வலிப்பு என எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவர் கைநீட்டினால் அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்; நோயாளி ஆயிற்றே என்று அடிவாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். உங்களுக்கே தாங்க முடியாதபோது பேச, ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவிலும் கிடைக்கும்.