தைராய்டு மாத்திரையைத் துப்புற குழந்தை: கேழ்வரகு கஞ்சில கலந்து தரலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க பேரணாம்பட்டு பக்கம். பாப்பாவுக்கு 1 வயசு 10 மாசம். பிறந்தப்பவே தைராய்டு சரியா சுரக்கலன்னு கண்டுபிடிச்சு, அப்போலேர்ந்து தினம் காலைல மாத்திரை. கொஞ்ச நாளா ஸ்பூனைப் பாத்தாலே வாயை இறுக்கி மூடிக்கிது, ஊத்தினா துப்புது, அழுதுகினே ஓடுது. அவ ஆயா மூக்கைப் பிடிச்சு பாலாடைல ஊத்துறாங்க, இல்லன்னா கேழ்வரகு கஞ்சில கலந்துடுறாங்க. ஒரு நாள் கூட விட்டதில்ல, ஆனா இந்த டெஸ்ட்ல டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் பத்தலன்னா ரத்தத்துல ஏறுற அளவு) ஏறியிருக்கு, டோஸ் கூட்டணும்ங்கிறாங்க. என்ன பண்றது?

பதில்: அம்மா, முதல்ல கஞ்சி விஷயத்தைப் பேசிடுவோம், ஏன்னா உங்க கேள்வில எனக்கு ரொம்ப முக்கியமா படுறது அதுதான். நம்ம பக்கம் கேழ்வரகு இல்லாம குழந்தை வளர்க்குறதே இல்ல, நல்ல சாப்பாடு, அதை நிறுத்தவே வேணாம். ஆனா 100 கிராம் கேழ்வரகுல 350 மில்லிகிராம் அளவுக்கு கால்சியம் இருக்கு, நார்ச்சத்தும் ஜாஸ்தி, இது ரெண்டுமே பாப்பாவோட தைராய்டு ஹார்மோன் மாத்திரையை, அதாவது லெவோதைராக்ஸினை, குடல் உறிஞ்சுறதைக் குறைக்கும். சோயா, இரும்புச்சத்து சொட்டு, கால்சியம் சிரப் எல்லாத்துக்கும் இதே கதைதான். அதுவும் இல்லாம ஒரு கிண்ணம் கஞ்சில கலந்தா குழந்தை பாதில எழுந்து போயிடும், மீதி கஞ்சியோட மருந்தும் போயிடும். ஃபீடிங் பாட்டில்ல போட்டாலும் இதேதான், அடில ஒட்டிக்கும். அதனால "ஒரு நாளும் விடல"ன்னு நீங்க சொல்றது நிஜம், ஆனா பாப்பா உடம்புக்குள்ள போனது ஒரு நாள் முழுசா, ஒரு நாள் பாதியா இருந்திருக்கலாம்.

இப்படியெல்லாம் குடுத்தோம்னு உங்க டாக்டர்கிட்ட தயவுசெஞ்சு அப்படியே சொல்லுங்க, மறைக்காதீங்க. அவருக்குத் தெரியாம டோஸ் கூட்டிட்டு, அப்புறம் நீங்க ஒழுங்கா குடுக்க ஆரம்பிச்சீங்கன்னா மருந்து அதிகமாயிடும், படபடப்பு, தூக்கமின்மை, பேதின்னு வரும். கொடுக்குற முறையைச் சரி பண்ணிட்டு 4-6 வாரத்துல திரும்ப டெஸ்ட் பாக்கலாமா, இல்ல இப்பவே டோஸ் ஏத்தணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும், நீங்களா எதையும் மாத்த வேணாம். முதல் 3 வருஷம் மூளை வளர்ச்சிக்கு இந்த ஹார்மோன் அவ்ளோ முக்கியம், அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

இப்போ எப்படி குடுக்குறதுன்னு பாப்போம். மாத்திரையை ஒரு சின்ன ஸ்பூன்ல வச்சு சில சொட்டு ஆறின தண்ணி விட்டு ஊற விடுங்க, மெதுவா நசுக்குங்க, கரைஞ்ச உடனே குடுத்துடுங்க. அப்புறம் அதே ஸ்பூன்ல இன்னும் சில சொட்டு தண்ணி விட்டு அலசி அதையும் குடுங்க, ஏன்னா இந்த மாத்திரை ரொம்பக் குட்டி, ஸ்பூன்ல ஒட்டுறதே டோஸ்ல கணிசமான பங்கு. வாரத்துக்கு சேர்த்து பொடி பண்ணி பொட்டலம் கட்டி வைக்காதீங்க. நம்ம வேலூர் வெயில்ல ஜன்னல் ஓரமோ கேஸ் அடுப்பு பக்கமோ மாத்திரை வைக்கவே கூடாது, வந்த டப்பாலயே, ஈரம் படாத குளிர்ச்சியான அலமாரில, குழந்தை கை எட்டாத உயரத்துல இருக்கட்டும்.

மூக்கைப் பிடிக்கிறதை இன்னையோட நிறுத்துங்க. ஆயா பாசத்துலதான் பண்றாங்க, அவங்க காலத்துல எல்லாரும் அப்படித்தான் ஊத்துனாங்க, ஆனா புரை ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போனா ஆபத்து. இன்னொண்ணு, இந்த மாத்திரை பெருசா கசக்கவே கசக்காது, பாப்பா வாயை மூடுறது ருசிக்காக இல்ல, மூச்சு அடைக்கப் போகுதுன்னு பயந்துதான். அந்த பயம் போக சில நாள் ஆகும், பொறுமையா இருங்க.

மெடிக்கல்ல ஊசி இல்லாத 2 மில்லி சிரிஞ்ச் ரெண்டு வாங்குங்க. ஒண்ணு அவளுக்கே, குளிக்கிறப்போ தண்ணி பீச்சி விளையாடட்டும், பொம்மைக்கு ஊத்தட்டும், உங்க வாய்க்கும் ஊத்தட்டும், நீங்க நல்லா முழுங்கி காட்டுங்க. மருந்து நேரத்துல கரைச்ச மருந்தை இன்னொரு சிரிஞ்ச்ல எடுத்து, மடில நிமிர்ந்து உக்கார வச்சு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, தொண்டைய நோக்கி பீச்சாதீங்க, முழுங்குறாளான்னு பாத்து அடுத்த சொட்டு. தூக்கத்துல இருக்கிற குழந்தைக்கு குடுக்கவே கூடாது. "மருந்து குடிக்கிறியா?"ன்னு கேட்டா இந்த வயசுல "மாட்டேன்"தான் வரும், அதனால "அம்மா மடியா, ஆயா மடியா?"ன்னு கேளுங்க, எப்படியும் குடிக்கிறதுதான் ஆனா தேர்வு அவளோடது. மூணு பேர் சுத்தி நின்னு கெஞ்சுறது, "ஊசி போட்டுடுவாங்க"ன்னு மிரட்டுறது ரெண்டுமே வேணாம், ஒரே ஆள் தினம் ஒரே இடத்துல குடுக்கட்டும், குடிச்ச உடனே கைதட்டல், செடிக்கு தண்ணி ஊத்த கூட்டிட்டுப் போங்க, மருந்துக்கும் பாலுக்கும் நடுவுல விட வேண்டிய அரை மணி நேரமும் அப்படியே ஓடிடும். மாத்திரையை மிட்டாய்னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க, ஒரு டப்பால 100 மாத்திரை இருக்கும், என்னைக்காவது கைல கிடைச்சா மொத்தமா தின்னுடும்.

காலைல போராட்டம் தீரவே இல்லன்னா ராத்திரிக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, பல குழந்தைங்களுக்கு அது ஒத்துவரும். எந்த நேரமா இருந்தாலும் தினம் அதே நேரம், அதே முறைங்கிறதுதான் முக்கியம். இரும்பு சொட்டு இருந்தா 4 மணி நேரம் தள்ளி. குடுத்து அரை மணிக்குள்ள முழுசா வாந்தி எடுத்தா பொதுவா திரும்ப குடுக்கச் சொல்வாங்க, உங்க பாப்பாவுக்கு எப்படின்னு இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. காலைல மறந்துட்டா அன்னைக்கே ஞாபகம் வந்த உடனே குடுங்க, மறுநாள் ரெண்டா சேர்த்து குடுக்காதீங்க. இந்த மருந்து உடம்புல பல நாள் நிக்கும், ஒரு நாள் தவறினதுக்கு நீங்க அழ வேணாம்மா.

அடுத்த டெஸ்டுக்கு விடிகாலை பஸ் பிடிச்சு வேலூர் வருவீங்க இல்லையா, அன்னைக்கு மட்டும் மாத்திரையை வீட்ல குடுக்காம ஸ்பூன், சிரிஞ்சோட பைல எடுத்துட்டு வாங்க, ரத்தம் எடுத்த அப்புறம் குடுத்துக்கலாம்.