ஆபரேஷனுக்குப் பிறகு ஹார்ட் பிளாக்: கேளுங்க, சொல்றேன்

இதய ஐசியூவில் பல வருஷம் வேலை பார்த்த நர்ஸ் நான். டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

சிஸ்டர், என் பொண்ணுக்கு ஒன்றரை வயசு. இதய ஓட்டையை அடைச்சு மூணு நாள் ஆச்சு. ஹார்ட் பிளாக்னு சொல்லி, வெளியே ஒரு பெட்டி மாட்டியிருக்காங்க. கடைசிவரைக்கும் பேஸ்மேக்கர்தானா?

மூணு நாளில் அதை யாராலும் சொல்ல முடியாதும்மா. இதயத்தின் மேலறையின் துடிப்பைக் கீழறைக்குக் கொண்டுபோகும் மெல்லிய இழை, கீழறைகளுக்கு நடுவே வரும் பெரும்பாலான ஓட்டைகளின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. அந்த வழி அடைபட்டு, துடிப்பு கீழே போகாமல் நிற்பதுதான் ஹார்ட் பிளாக். வெளியே மாட்டிய பெட்டி, வயர் வழியாக இதயத்தைத் துடிக்க வைக்கும் தற்காலிக பேஸ்மேக்கர். தையல் இழையின் மேலேயே விழுந்திருந்தால் மீள்வது கஷ்டம். பக்கத்துச் சதை வீங்கி அழுத்தினால், வீக்கம் வடிய வடிய வழி திறக்கும். எது நடந்தது என்று ஈசிஜியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் காத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் குறைந்தது 7 நாள் பார்ப்பது வழக்கம். மீள்கிற குழந்தைகளில் பெரும்பாலோர் 10 நாளுக்குள் மீண்டுவிடுவார்கள். பெட்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அடியில் சொந்தத் துடிப்பு எட்டிப்பார்க்கிறதா என்று தினமும் பார்ப்போம். அது தெரியும் காலையில் வார்டே சிரிக்கும்.

அப்பாவுக்கு அயோர்ட்டிக் வால்வு மாத்தி 8 நாள். பிளாக் அப்படியே இருக்கு. பேஸ்மேக்கர் வைக்கணும்கறாங்க. இன்னும் பொறுக்கலாமா?

முழு பிளாக், அதாவது ஒரு துடிப்பும் கீழே போகவில்லை என்றால், நான் பொறுக்கச் சொல்ல மாட்டேன், தம்பி. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல் அந்த வால்வு; அதற்கு நேர் கீழேதான் துடிப்பைக் கொண்டுபோகும் இழை போகிறது. படிந்த சுண்ணாம்பைச் சுரண்டும்போது அடி படலாம். நெஞ்சுக்கு வெளியே வரும் தற்காலிக வயர் நாளாக நாளாகப் பிடிமானம் இழக்கும். பேஸ்மேக்கர் வைத்த பிறகு சொந்தத் துடிப்பு திரும்பினாலும் நஷ்டமில்லை, கருவி சும்மா காவல் இருக்கும்.

இந்தப் பெட்டி எல்லாம் எப்போ வந்தது?

1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் லில்லஹை என்ற இதய அறுவை டாக்டர், கீழறைகளுக்கு நடுவே வரும் ஓட்டைகளை அடைக்கத் தொடங்கினார். பிளாக் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியில்லை. 1957 ஜனவரியில் இதயத் தசையிலேயே வயர் பொருத்தினார்கள்; ஆனால் பெட்டிக்குச் சுவர் பிளக் வேண்டும். அதே வருஷம் அக்டோபர் 31-ல் அங்கே மின்னியாபோலிஸ் நகரில் கரண்ட் போனது. எர்ல் பேக்கன் என்ற மின் பொறியாளர் சில வாரத்தில் பேட்டரிப் பெட்டி செய்து கொடுத்தார், பாட்டுக்குத் தாளம் தட்டும் கருவியின் மின்சுற்றை மாற்றி! குழந்தையின் கட்டிலில் தொங்குவது அதன் வாரிசுதான்.

பிளாக் சரியாகி வீட்டுக்கு வந்துட்டோம். இனி பயமில்லையே?

பெரும்பாலும் இல்லை. அபூர்வமாகச் சிலருக்கு வருஷங்கள் கழித்தும் திரும்பலாம். மயக்கம் போட்டு விழுந்தால் வெயில் என்று விடாமல், அன்றைக்கே ஈசிஜி எடுங்கள்.