தறிக்குடோனுக்கு ஒரு கணினி

அன்புள்ள ஐயா,

வன்பொருளும் இயங்குதளமும் நம் இஷ்டம் என்றால் உங்கள் கனவுக் கணினி எப்படி இருக்கும்? பல்லடம் பக்கம், தறிக்குடோனை ஒட்டிய அறையில் கணக்கு எழுதுகிறேன். இங்கிருக்கும் பழைய பெட்டி சூடேறி அணைந்துவிடுகிறது, தொட்டால் சுருக்கென்கிறது.

எஸ்., பல்லடம்

அன்புள்ள எஸ்.,

கனவு என்றாலே வேகத்தில் தொடங்குவார்கள். உங்கள் அறைக்கு முதலில் வேண்டியது ஃபேன் இல்லாத பெட்டி. ஃபேன் சுற்றும்வரை பஞ்சை இழுக்கும். அது ஹீட்சிங்க்கின் (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல் இறுகும். வெளியே துடைத்து என்ன பயன்? 2023இல் வந்த இன்டெல் என்100, 6 வாட் பிராசஸர். உறையே ஹீட்சிங்க்காக அமைந்த அலுமினியப் பெட்டி, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. பில்லுக்கும் கணக்குக்கும் தாராளம்.

அடுத்தது கரண்டு. சாதாரண யுபிஎஸ், பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்குகிறது; கணினி அதை மறுபடி 12க்கு இறக்குகிறது. இரண்டு முறையும் நஷ்டம். என் கனவில் கணினியும் மானிட்டரும் 12 வோல்ட்டிலேயே ஓடும். இரண்டும் சேர்ந்து 30 வாட் என்றால், 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியில் பாதியைத்தான் எடுத்தாலும் ஒரு மணி நேரம் தாங்கும். நேரடியாக மட்டும் இணைக்கக் கூடாது. சார்ஜில் 13.8 வோல்ட், இறங்கும்போது 10.5, நடுவில் இதை நிலையான 12 வோல்ட்டாக்கும் பக்-பூஸ்ட் கன்வர்ட்டர் கட்டாயம். போன கரண்டு திரும்பியதும் தறி மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பி வோல்டேஜ் விழும். அந்த நேரத்தில் கணினி தானாக எழாதபடி பயாஸில் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைத்துவிடுங்கள்.

இயங்குதளம் லினக்ஸ் வகையான டெபியன் ஸ்டேபிள் போதும். ஒரு குறை உண்டு: அப்டேட் பாதியில் கரண்டு போனால் சிக்கல். ஆண்ட்ராய்டு 7 (2016) கொண்டுவந்த முறை எனக்குப் பிடிக்கும். புதியதை வேறொரு பகுதியில் எழுதி முடித்த பிறகே அதற்கு மாறும். தவறினால் பழையது இருக்கிறது.

தமிழில்தான் கனவு இன்னும் தூரம். ‘கொங்கு’ என்பதில் ‘ொ’ ஒரே குறியாகவும் வரலாம், ‘ெ’யும் ‘ா’வும் சேர்ந்தும் வரலாம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத்தரமான யூனிகோடில் இரண்டும் சமம். ஆனால் ஃபைல்களைச் சேமிக்கும் முறைகளான லினக்ஸின் ஈஎக்ஸ்டி4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டிலும் ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘கொங்கு’ ஃபைல்கள் இருக்க முடியும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது. நொய்யலில் சேரும் கௌசிகா நதியின் பெயரைப் பாதிப்பேர் ‘கெளசிகா’ என்று ளகரம் போட்டு அடிக்கிறார்கள். இது யூனிகோடுக்கே வேறு சொல். தேடும்போதாவது இரண்டையும் காட்டும் இயங்குதளம் வேண்டும்.

இப்போதைய பெட்டிக்கு: சுருக்கென்பது பெரும்பாலும் எர்த் இல்லாததால். எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினியின் பவர் சப்ளை) உள்ள இரண்டு கெப்பாசிட்டர்கள் எர்த்தைத் தேடி, கிடைக்காமல், பெட்டியைச் சுமார் 115 வோல்ட்டில் நிறுத்துகின்றன. எலக்ட்ரீஷியனை விட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 230 அருகே காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சைக் கிளறி ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும், மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பும்.